ஓபி சீட்டு இரண்டு வாங்குங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 32 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவிக்கு 27. ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்து 11 வாரம் ஆகிறது. முதல் குழந்தை. இரண்டு மாதம் தாராபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தாள். ஆளே மாறிப்போய்விட்டாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்க்கிறாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் அழுகை. பால் பத்தவில்லை என்று தானாகவே சொல்லிக்கொள்கிறாள். பத்தாவது வார ஊசிக்குப் போனபோது எடை சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். போன வாரம், "நான் இல்லாட்டி உங்களுக்கும் பாப்பாவுக்கும் நிம்மதி" என்றாள். என் அம்மாவோ, "நாங்கெல்லாம் புள்ள பெக்கலையா? செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்கிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. இவளுக்கு என்னதான் ஆயிற்று? பிள்ளை மேல் பாசமே இல்லையா? மருந்து எடுத்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா? எனக்கும் இப்போதெல்லாம் வேலை முடிந்தால் வீட்டுக்கு வரக் கால் வருவதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது கிடக்கட்டும். இவளைப் பற்றிச் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி போன வாரம் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம். "நான் இல்லாட்டி நிம்மதி" என்று கைக்குழந்தைக்காரி சொன்னால், கோபத்தில் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிடக் கூடாது. இன்று ராத்திரி, உங்கள் அம்மா படுத்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அன்னிக்கு அப்படிச் சொன்னியே, செத்துப்போயிடலாம்னு தோணுதா உனக்கு?" இதே வார்த்தையில் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆகாது. இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது, கேட்டதும் பெரும்பாலான பெண்களுக்குத் தோள் தளர்ந்துவிடும். தலையணைக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல் அது.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும், தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் அதையும் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

இனி, இது என்ன என்று கேட்டீர்கள். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது முறையில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றுதான் தோன்றுகிறது. பிள்ளை பெற்ற இரண்டாம் மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நிமிஷம் சிரிப்பும் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு அப்படித்தான். பச்சை உடம்புக்காரி, அழட்டும், சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம், தானாக அடங்கிவிடும். உங்கள் வீட்டில் 11 வாரம் ஓடிவிட்டது, குறையவும் இல்லை. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதும், தன்னால் ஆகாது என்ற எண்ணம் விடாமல் நிற்பதும் பச்சை உடம்புக் கணக்கில் சேராது. அது நோய்.

அரிய நோய் என்று பயந்துவிடாதீர்கள். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வந்த கட்டுரை, பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்து தாயில் ஒருவர். உங்கள் மனைவி பிரசவமான அதே வாரத்தில் அதே வார்டில் கிடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருப்பவர் இன்னும் சிலர் இருப்பார்கள்.

ஏன் வருகிறது? கர்ப்பத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் நஞ்சுக்கொடி வெளியே வந்த ஓரிரு நாளில் சரிந்துவிடும். சிலருடைய மூளை அந்தச் சரிவைத் தாங்குவதில்லை. அதோடு ஆபரேஷன் புண், ரத்தக் குறைவு, இரண்டு மணிக்கொரு தரம் எழும் ராத்திரிகள். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வந்து இதே போல வேஷம் கட்டும். அதனால் ஹீமோகுளோபினும் தைராய்டும் ரத்தத்தில் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்க நான் விரும்புவதில்லை.

உடம்பு பாதிக் காரணம்தான். வேலூர் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கெல்லாம் வந்தது என்று பார்த்தால், பணக் கஷ்டம், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆள் இல்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கிராமங்கள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. என் அறைக்கு வந்த ஒவ்வொரு முகமும் வந்தது. உங்கள் வீட்டில் பெண் பிறந்ததைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் மனைவி அதை மறந்திருக்க மாட்டார். "மூத்தது பொண்ணாப் போச்சு, சரி, அடுத்தது பார்ப்போம்" என்று தொட்டில் பக்கத்தில் நின்று யாரோ சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைத் தேதி, நேரத்தோடு என்னிடம் ஒப்பித்த தாய்மார் உண்டு.

பாசம் இல்லையா என்று கேட்கிறீர்கள். ராத்திரி முழுக்க மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பவருக்குப் பாசம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பாசம் இருக்கிறது, அதை ருசிக்க விடாமல் நோய் மறைத்து நிற்கிறது. ஜுரத்தில் நாக்கு கசந்துபோனவருக்குப் பாயசம் கொடுத்தால் பாயசத்தின் மேலா குறை? இன்னொன்று, பெற்ற நிமிஷத்திலேயே பிள்ளை மேல் பாசம் ஊற்றெடுக்கும் என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். பல தாய்மாருக்கு அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத்தான் ஊறும். ஊறவில்லையே என்ற குற்றவுணர்ச்சியே பாதி உயிரை எடுத்துவிடுகிறது.

மாடிப்படி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாருக்கும் புரியாமல் போவதும், தாய்மார் வாய் திறந்து சொல்லாததும் இதுதான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்கும்போது, கை நழுவிக் குழந்தை கீழே விழுவது போல ஒரு காட்சி மின்னல் மாதிரி மனதில் வெட்டிப்போகும். சிலருக்கு நானே போட்டுவிடுவேனோ என்ற பயமாகவே வரும். வந்த மாத்திரத்தில் உடம்பு நடுங்கிவிடும். அதனால் படி பக்கமே போக மாட்டார்கள். சிலர் அரிவாள்மனையை எடுத்துப் பரண் மேல் போட்டுவிடுவார்கள். சிலர் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அம்மா தலையில் கட்டிவிடுவார்கள். இது கெட்ட எண்ணம் இல்லை. மிதமிஞ்சிய பயம், தன்னையே காவல் காக்கிறது. தன் மனதில் ஓடியதைப் பார்த்துத் தானே அருவருத்து விலகி ஓடுகிறவர் அதைச் செய்யப்போகிறவர் இல்லை. உங்கள் மனைவிக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைக்கிறேன். "படியில பயமா ஏதாவது மனசுல ஓடுதா? நிறைய அம்மாமாருக்கு ஓடுமாம், டாக்டர் சொல்றாங்க" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். சட்டென்று பாப்பாவைக் கையிலிருந்து வாங்கியும் விடாதீர்கள். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கணத்துக்குப் பயந்துதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காதில் குரல் கேட்கிறது, குழந்தை என்னுடையதே இல்லை, மாற்றிவிட்டார்கள், இது சாமி, இது பேய் என்று உறுதியாகச் சொல்வது, நாள் கிழமை புரியாமல் குழம்புவது, தூங்காமலே அசாத்திய வேகத்தில் இயங்குவது. இது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். இது வந்தால் ஒரு ராத்திரிகூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று தாய்மார் பயப்படுவது சகஜம். கேட்கத் தயங்கிக்கொண்டே வாரங்கள் ஓடிவிடும். உங்கள் மனைவிக்கு இதையும் சொல்லுங்கள்: மிகப் பெரும்பாலானோர் வெளிநோயாளியாக வந்து போய்க் குணமாகிறவர்கள். உள்ளே சேர்க்க நேர்ந்தாலும், 3 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவு பல வருடங்களாக நடக்கிறது.

மருந்து. உட்காரவும் எழவும் முடியாத அளவு இல்லாவிட்டால் பேச்சு வழிச் சிகிச்சையிலேயே பலர் தேறிவிடுவார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத ஊர்ச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பேச வைத்தார்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது பார்த்தால், அந்தப் பேச்சு கிடைத்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மீதமிருந்தது. கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான இந்த ஆய்வை நம் ஊர் கிராம சுகாதார செவிலியர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வீட்டுப்படி ஏற உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான்.

சாவு எண்ணம் தலைகாட்டியிருப்பதால் உங்கள் மனைவிக்கு மருந்தும் தேவைப்படலாம். பால் கொடுக்கும் தாய்க்குப் பெரும்பாலும் முதலில் நினைப்பது செர்ட்ராலின். தாய்ப்பாலில் இறங்கும் அளவு மிக மிகக் குறைவு. பாலை நிறுத்தச் சொல்வது அரிது. பெயர் தெரிந்துவிட்டதே என்று மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அவருக்கோ அவர் வீட்டாருக்கோ எப்போதாவது அளவு மீறிய உற்சாகமும் பேச்சும் தூக்கமின்மையுமாகச் சில நாள் இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பார். ஆமாம் என்றால் மருந்தே வேறு. இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரை இல்லை, பழக்கமாகிவிடும் வகையும் இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப்போடுவதும், இரண்டாம் மாதம் சிரிக்கத் தொடங்கிவிட்டாள், போதும் என்று நிறுத்துவதும்தான் நான் அதிகம் பார்க்கும் தவறுகள். நன்றாகிவிட்ட பிறகும் சுமார் ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதைக்கூடப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

மருந்துக்கு இணையாக நான் நம்புவது தூக்கத்தை. ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம். ராத்திரி 9 மணிக்குப் பால் கொடுத்ததும் அவர் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுக்கட்டும். பகலில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலை, சூடு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்துக் குளிர் நீக்கி, பாலாடையில் நீங்கள் கொடுங்கள். முதல் நாள் பாதி கழுத்தில் வழியும். பாப்பாவைச் சற்றே நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் தொட்டு வைத்தால் போதும்; ஊற்றக் கூடாது, அவளே நாக்கை நீட்டி உறிஞ்சுவாள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். 2 மணிக்கு அவரை எழுப்பினால் போதும். வாரத்தில் நாலு ராத்திரி இப்படி நடந்தாலே முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சில வருடம் முன்பு மருமகளை அழைத்து வந்த ஓர் அம்மா, நான் பேசி முடிக்கும்வரை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். மருமகள் ரத்தம் கொடுக்க வெளியே போனதும் மெல்லச் சொன்னார்: "எனக்குஞ் சின்னவன் பொறந்தப்ப இப்படித்தானுங்க இருந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்னு போய்த் தொழுவத்துல நின்னு அழுவேன். ஆறு மாசம் சோறு எறங்கலை. யாருங் கேக்கலைங்க." நாங்கெல்லாம் பெக்கலையா என்று சொல்லும் பலருக்குள் இந்தத் தொழுவம் இருக்கிறது. "அம்மா, என்னைப் பெத்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரு நாள் சாயங்காலம் கேட்டுப் பாருங்கள். கயிறு கட்டியது கட்டியபடி இருக்கட்டும். கழற்றச் சொல்லி ஒரு சண்டை வேண்டாம். அதோடு டாக்டரையும் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். தையல் ஆறியதா என்று பார்த்தோம், பாப்பாவின் எடை பார்த்தோம், ஊசி போட்டோம். நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று உங்கள் மனைவியை யாராவது கேட்டிருப்பார்களா? 1987-இல் எடின்பரோவில் 10 கேள்வி கொண்ட ஒரு தாள் தயாரித்தார்கள். கடந்த 7 நாள் மனநிலையை மட்டும் கேட்கும். சிரிக்க முடிகிறதா என்று தொடங்கி, தன்னை ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்பதில் முடியும். ஐந்து நிமிஷ வேலை. தமிழில் மொழிபெயர்த்துச் சரிபார்த்தும் ஆகிவிட்டது. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாய் கையிலும் அது இருக்க வேண்டும் என்று நான் பேசாத கூட்டம் இல்லை. நீங்கள் போகும் இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்ட அந்த அரை மணி நேரம். அதைக் கிடக்க விட எனக்கு மனமில்லை. அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வந்த கணக்கு, பத்து அப்பாவில் ஒருவருக்கு என்றது; குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும் காலத்தில்தான் அதிகம். மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடும். ஆண்களுக்கு அது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. எரிந்து விழுவார்கள், வேண்டுமென்றே ஓவர்டைம் பார்ப்பார்கள், போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள், குடிப்பார்கள். அல்லது தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு, வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பொறுப்பில்லாதவன் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள். பொறுப்பில்லாதவர் இத்தனை பெரிய கடிதம் எழுத மாட்டார்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மனைவியிடம் சொல்லுங்கள். சொன்னால் அவர் பாரம் கூடும் என்று பயப்படுவீர்கள். தான் மட்டும்தான் பழுதாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, பக்கத்தில் இருப்பவரும் திணறுகிறார் என்று தெரிவதில் ஓர் ஆறுதல் உண்டு.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. திருப்பூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உண்டு. சேதி சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போடுங்கள். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு, பிரசவ டிஸ்சார்ஜ் தாளோடு, காலை 8 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். கவுண்ட்டரில் ஓபி சீட்டு இரண்டு வாங்குங்கள். இரண்டாவதில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.